வெள்ளைமேல் வெள்ளை

"என் கடைப் பக்கத்துல தம்பி பேரைச் சொல்லுதுடி" என்றார் மாமனார், ரொட்டியைத் தேநீரில் தோய்த்தபடி.

மேசையைச் சுற்றிப் பேச்சு நின்றுபோனது. அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் பேசலாம். மாமனாருடைய தம்பியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. இன்று அவரே திறந்துவிட்டார்.

மாமியார் வெண்ணெய்க் கத்தியைத் தட்டில் வைத்தாள். "எது சொல்லுது?"

"ஃபோன்தான். வேற எது இந்த வீட்டுல எனக்குப் படிச்சுக் காட்டுது? காலைல நம்ம கடையோட நெட் பக்கத்தைப் போட்டேன். மெத்தை வகையெல்லாம் சொல்லுச்சு, விலை சொல்லுச்சு, கடை நம்பர் சொல்லுச்சு. எப்பவும் அதோட நிறுத்திடுவேன். இன்னிக்கு முகம் துடைச்சுட்டு இருந்தேனா, அதுபாட்டுக்கு ஓடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ஆரம்பிச்சுது பாரு. சின்னவர் மெத்தை, சின்னவர் மெத்தை கடை, சின்னவர் மெத்தை விலைன்னு. மூச்சு விடாம."

"உங்க காதுல ஏதோ..."

"காதுலதான் மாட்டிட்டு இருந்தேன், அந்த ஒயரை. காதுல கேக்காம மூக்குலயா கேக்கும்?"

கண் அழுத்தத்தில் பார்வை முழுதும் போனபிறகு, மகள்தான் அவருடைய ஃபோனில் திரையைப் படித்துச் சொல்லும் வசதியைப் போட்டுக் கொடுத்தாள். அதிலிருந்து அவர் காலையில் எழுந்ததும் கடையின் இணையப் பக்கத்தைக் கேட்பார். கடைக்குப் போக முடியாதவர் கடையைத் திறக்கிற விதம் அது. அந்த ஒரே தொனிக் குரல் மாமியாருக்கு ஆகாது என்பதால் காதில் ஒயரை மாட்டிக்கொண்டே கேட்பார்.

மேசையின் மறுகோடியில் மாப்பிள்ளைக்கு ரொட்டி தொண்டையில் நின்றது.

ஊரே அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. வீட்டோடு மாப்பிள்ளை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது மாமியார் அவனை ஒரு கூடுதல் நாற்காலியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். "கம்ப்யூட்டர்ல என்ன வேலை?" என்று கேட்டவர்களிடம், "அதெல்லாம் நமக்குப் புரியாது" என்று சொல்லி முடித்துவிடுவாள். எதையாவது தேடுகிறவர்களுக்குத் தங்கள் வாடிக்கையாளரின் கடையை முதலில் காட்டவைப்பதுதான் அவன் வேலை. மாமனாருடைய 'நிம்மதி மெத்தைக் கடை'க்கு அவனே பக்கம் செய்து கொடுத்தான். முதல் வருஷம் ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகு திடீரென்று ஃபோன் அடிக்க ஆரம்பித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. "மாப்பிள்ளை கை பட்டதும் கடை நிமிர்ந்திடுச்சு" என்று மாமியார் தெருவில் சொன்னாள். அதற்குப் பிறகு அவனுக்குத் தேநீர் கேட்காமலே வந்தது.

கை பட்டது எங்கே என்பது அவனுக்கு மட்டும் தெரியும். பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. கண்ணுக்கு வெறும் இடம். தேடுகிற இயந்திரம் மட்டும் அதைப் படிக்கும். ஊரில் மெத்தை வேண்டுமென்றால் பாதிப்பேர் 'சின்னவர் மெத்தை' என்றுதான் தட்டுவார்கள். மாமனாரின் தம்பி தனியாகப் போய் வைத்த கடைக்கு அவ்வளவு நல்ல பேர். அந்தப் பேரை அவன் அடியில் கொட்டி வைத்தான். தம்பியைத் தேடி வந்தவர்கள் அண்ணன் வாசலில் வந்து நின்றார்கள்.

கண்ணுக்குத் தெரியாததை யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தான். காதால் படிக்கிற ஒருவர் தினமும் எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்கிறார் என்பது அவன் மூளையில் ஏறவே இல்லை.

"குடுங்கப்பா, பாக்கலாம்" என்று அவன் மனைவி கையை நீட்டினாள்.

"ஆபீஸ்லேர்ந்து ஒரு அவசரம்" என்று மாப்பிள்ளை எழுந்தான். கை கழுவுகிற தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தன் ஃபோனில் கடைப் பக்கத்தின் உட்புறத்தைத் திறந்தான். கட்டைவிரல் அவசரத்தில் இரண்டு முறை தவறான இடத்தில் பட்டது. பின்னால் மனைவி மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பது கேட்டது.

"எதுவும் இல்லையேப்பா. நம்பருக்குக் கீழ வெறும் வெள்ளைதான் இருக்கு."

"கண்ணால பாக்காதே. ஒயரைப் பிடுங்கிட்டு சத்தமா வை. மொதல்லேர்ந்து வை."

அவன் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தான். சேமி. அந்தச் சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.

மனைவி பக்கத்தைப் புதிதாகத் திறந்தாள். ஃபோன் பேசியது. பஞ்சு மெத்தை, ஸ்ப்ரிங் மெத்தை, அளவுக்குத் தைத்துத் தரப்படும், கடை எண். பிறகு மௌனம்.

மாமனார் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். யாரோ வாசலில் வரப்போவதைப் போலக் காத்திருந்தார்.

"இன்னொரு தடவை வை" என்றார்.

வைத்தாள். மறுபடியும் மௌனம்.

"காலைல சொல்லுச்சு" என்றார், மெதுவாக. "சத்தியமா சொல்லுச்சும்மா."

"சரிப்பா, சொல்லியிருக்கும்" என்றாள் மகள். அவள் அதைச் சொன்ன விதம், குழந்தைக்குச் சொல்வது போல இருந்தது. மாப்பிள்ளை குழாயைத் திறந்து, கழுவத் தேவையில்லாத கையை நெடுநேரம் கழுவினான்.

*

மாப்பிள்ளையின் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல் இருந்தது. கீழே காற்று அடிக்கும்போதெல்லாம் மேலே மேசைகள் அதிரும். லிங்க் ராணி என்று பேரெடுத்தவள் பக்கத்து மேசைக்காரி. ஊர் பேர் தெரியாதவர்களின் பக்கங்களில் எல்லாம் பாராட்டு எழுதி, கூடவே வாடிக்கையாளர் கடைக்கு ஒரு லிங்க் சொருகுவது அவள் வேலை. அதற்கென்று ஒரு மென்பொருள் வைத்திருந்தாள். அவள் தூங்கும்போதும் அது பாராட்டிக்கொண்டிருக்கும்.

"அண்ணே, இன்னிக்கு என் மானம் போச்சு" என்றாள். "ஒருத்தர் அவங்க அம்மா இறந்த செய்தியைப் போட்டிருக்கார். என் சனியன் அதுக்குக் கீழ, 'அருமையான பதிவு, இதுபோல் அடிக்கடி போடுங்கள்'னு எழுதி வெச்சிருக்கு. குளியலறைக் குழாய் லிங்க்கோட."

வேறொரு நாள் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். "அழிச்சிட்டியா?"

"அழிக்க முடியாதுண்ணே, அது அவங்க இடம். அவர் படிச்சிருப்பாரா?"

"படிச்சிருப்பார்."

"நீங்க வேற. ஆறுதலா ஏதாவது சொல்லுங்கன்னா..."

அவன் திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு, தான் செய்த மற்றப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். பல் டாக்டர், சாவி செய்கிறவர், வாடகை லாரி. எல்லாவற்றின் அடியிலும் அதே வெள்ளை. எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பல் டாக்டரின் நேரத்தைத் தேட, அவர் காதில் ஊரிலிருக்கிற மற்றப் பல் டாக்டர்கள் பேரெல்லாம் கொட்டிக்கொண்டிருக்கும். அந்த வீட்டிலும் யாராவது, சரிப்பா, சொல்லியிருக்கும் என்கிறார்களோ? அவனால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனான், தண்ணீர் குடித்தான், மறுபடி வந்து உட்கார்ந்தான்.

"என்னய்யா, நாற்காலில ஆணி இருக்கா?" என்றார் முதலாளி, கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டி.

"சார், இந்த வெள்ளை எழுத்தை எல்லாம் எடுத்துட்டா என்ன?"

"எடுத்துட்டு? அப்புறம் நீயும் நானும் கீழ போய் டயருக்குக் காத்தடிக்கலாம். தேடற இயந்திரம் பிடிக்கற அன்னிக்குப் பாத்துக்கலாம். இயந்திரத்தைத் தவிர அதை யாருய்யா பாக்கப்போறான்?"

பார்க்க மாட்டான்தான் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டான்.

*

வீட்டில் அந்த ஒரு காலைப் பேச்சு வளர்ந்துகொண்டே போனது. மாமனார் எப்போதும் செய்கிற சின்னச் சின்னத் தவறெல்லாம் இப்போது கணக்கில் ஏறின.

"நேத்து அடுப்பை அணைக்கல" என்றாள் மாமியார்.

"அடுப்பை நீதான் அணைக்கலம்மா" என்றாள் மகள்.

"நான் அணைக்காததுக்குக் காரணமே இவர் கவலைதான். அது மட்டுமா? மாப்பிள்ளையை முந்தாநாள் என்ன சொல்லிக் கூப்பிட்டார் தெரியுமா? 'டேய் சின்னவனே'ன்னார். கேளு உன் புருஷனை."

கூப்பிட்டது உண்மைதான். நடைவழியில் அவன் காலடிச் சத்தம் கேட்டு அப்படித்தான் கூப்பிட்டார். பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க மாப்பிள்ளை, அவன் நெனப்பாவே இருக்கு" என்றார்.

அன்று பக்கத்தில் உட்காரச் சொல்லி, அதுவரை யாரிடமும் பேசாத கதையைச் சொன்னார். அண்ணனும் தம்பியும் ஒரே கடையில் இருந்த காலம். தம்பி ஒரு வாடிக்கையாளருக்குப் பழைய பஞ்சைப் புது உறைக்குள் திணித்துத் தைத்துக் கொடுத்திருந்தான்.

"நான் கையால அமுக்கினதுமே தெரிஞ்சுபோச்சு. என்னடா இதுன்னேன். 'உள்ளே இருக்கறதை யாருண்ணா பிரிச்சுப் பாக்கப்போறாங்க?'ன்னான். அன்னிக்கே வெளிய போடான்னுட்டேன். போனவன் அதுக்கப்புறம் ஒழுங்காத்தான் தொழில் பண்றான்னு சொல்றாங்க. எனக்குத் தெரியாது. நான் பேசல."

மாப்பிள்ளை தலையை ஆட்டினான். ஆட்டுவது அவருக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்து, "ம்" என்றான்.

"இப்போ அவன் பேரு எனக்குள்ளேர்ந்தே கேக்குதுன்னா, என்ன அர்த்தம்? நான்தான் தப்புப் பண்ணிட்டேனோன்னு இருக்கு."

"அதெல்லாம் இல்ல மாமா." இவ்வளவுதான் அவனுக்கு வந்தது. நாக்கின் நுனியில் மீதி இருந்தது. சொல்லிவிட்டால் ஒரு நிமிஷம். அதற்குப் பிறகு இந்த வீட்டில் தேநீர் கேட்டாலும் வராது. அந்த மனுஷரின் எதிரியின் பேரைக் கொண்டே அவர் கடையை ஓட்டியிருக்கிறான் என்பதை எந்த வாயால் சொல்வது?

அவர் ஃபோனை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "வேண்டாம் இந்தச் சனியன்" என்றார்.

இதற்கிடையில் கடையில் ஃபோன் அடிப்பது குறைந்தது. பிறகு அடிக்கவே இல்லை. மனைவி கல்லாவில் உட்கார்ந்து மெத்தை உறையின் ஓரநூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என்ன பண்ணீங்க? தேடினா நம்ம கடை எங்கயோ அடியில கிடக்கு. மேல அவங்க கடைதான் நிக்குது."

"கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

"அம்மா கேக்கறாங்க, மாப்பிள்ளை கை வழுக்க ஆரம்பிச்சிடுச்சான்னு. நான் என்ன சொல்ல? அப்பா டாக்டர் செலவு வேற வரப்போகுது."

"எந்த டாக்டர்?"

"நரம்பு டாக்டர். அம்மா நாள் வாங்கிட்டாங்க. அப்பாவும் சரின்னுட்டார். அவரே சொல்றார், 'என்னைக் காட்டிடுங்க, முத்தறதுக்குள்ள'ன்னு."

அவரே சரி என்றுவிட்டார் என்பதுதான் அவனை உலுக்கியது. ஆனாலும் அன்று சாயங்காலம் அவன் செய்தது வேறு. ஃபோன்தான் இழுப்பறையில் கிடக்கிறதே, அவர்தான் கேட்பதில்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, அழித்ததை எல்லாம் மறுபடியும் கொட்டினான். கொஞ்சம் தாராளமாகவே கொட்டினான். முதுகுவலிக்குச் சின்னவர் மெத்தை. நம்பகமான சின்னவர் மெத்தை. டாக்டரைப் பார்க்கப் போவதற்குள் கடை மறுபடி மேலே ஏறிவிட்டது. ஃபோன் அடித்தது. மாமியார் அவன் தட்டில் இரண்டாவது முட்டையை வைத்தாள். அதை விழுங்குவதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

*

டாக்டரின் காத்திருப்பு அறையில் எல்லா நாற்காலிகளும் ஒரே பக்கம் பார்த்தபடி இருந்தன. மாமியார் முன்வரிசையில் இன்னொரு அம்மாளுடன் பேச்சில் இறங்கிவிட்டாள். "பேரு சொல்லுதாம், தம்பி பேரு" என்று சொல்வது இங்கேவரை கேட்டது. மாமனாரும் மாப்பிள்ளையும் பின்னால் இருந்தார்கள். மாமனார் நன்றாகச் சவரம் செய்து, கடை திறப்பு விழாவுக்குப் போட்ட சட்டையைப் போட்டிருந்தார்.

"மாப்பிள்ளை, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல மாமா."

அவர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "மறுபடியும் கேட்டுச்சு."

"எப்போ?"

"இன்னிக்குக் காலைல. இழுப்பறையைத் திறந்தேன். கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன், கை கேக்கல. கடையைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! இந்தத் தடவை முன்னைவிட மோசம். முதுகுவலிக்கு அவன் மெத்தைதான் நல்லதுன்னு சொல்லுது. நம்பகமாம்! என் கடைப் பக்கத்துல. நான் யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். உள்ள போனதும் டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது." சட்டைப் பொத்தானை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்புறம் இன்னொண்ணு. கடையை உங்க பேருக்கு மாத்திடறேன். புத்தி கலங்கினவன் பேருல கடை இருக்கக் கூடாது."

மாப்பிள்ளை எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடியும் எழுந்தான். வரவேற்பு மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, ஃபோன் வெச்சிருக்கீங்களா?"

"பையில இருக்கு. எதுக்கு?"

அவன் அதை எடுத்தான். ஒயரைப் பிடுங்கினான். ஒலியை முழுதாக ஏற்றினான்.

பஞ்சு மெத்தை, ஸ்ப்ரிங் மெத்தை, அளவுக்குத் தைத்துத் தரப்படும். கடை எண். பிறகு அந்த உயிரில்லாத குரல், எந்தக் கூச்சமும் இல்லாமல், அறை முழுதும் கேட்கப் படித்தது: "சின்னவர் மெத்தை. சின்னவர் மெத்தை கடை. சின்னவர் மெத்தை விலை. முதுகுவலிக்குச் சின்னவர் மெத்தை. நம்பகமான சின்னவர் மெத்தை..."

முன்வரிசையில் மாமியாரின் பேச்சு அறுந்தது. அவள் திரும்பினாள், வாயில் கை வைத்தபடி.

"சார், ஃபோனை சைலண்ட்ல போடுங்க" என்றாள் வரவேற்புப் பெண்.

"இரும்மா" என்றார் மாமனார், கையைத் தூக்கி. "முழுசா கேட்டுக்கறேன்." பிறகு, "உங்களுக்கும் கேக்குதா மாப்பிள்ளை?"

"எல்லாருக்கும் கேக்குது மாமா. உங்க காதுல ஒண்ணும் இல்ல. புத்தியிலயும் ஒண்ணும் இல்ல. நான்தான் எழுதினேன். வெள்ளையில எழுதினா யாருக்கும் தெரியாதுன்னு எழுதினேன். அன்னிக்கு மேசைலேர்ந்து எழுந்துபோய் அழிச்சதும் நான்தான். திரும்பப் போட்டதும் நான்தான்."

மாமியார் வந்துவிட்டாள். ஃபோனைப் பிடுங்கித் திரையை முறைத்தாள். "எங்கே? ஒண்ணுமே இல்லையே!"

ஃபோன் அவள் கையில் இருந்தபடியே, அவன் அந்த வெற்றிடத்தில் விரலை அழுத்தி இழுத்தான். வெள்ளையின் மேல் நீலம் படர்ந்தது; நீலத்துக்குள் வரிவரியாகச் சின்னவர் பேர் எழுந்து நின்றது. அவள் படித்தாள். படித்துவிட்டு அவனைப் பார்த்த பார்வையில், அவன் மறுபடியும் அந்தக் கூடுதல் நாற்காலி ஆகிவிட்டான்.

"மனுஷனைப் பைத்தியமாக்கப் பாத்தீங்களே! நானும் ஊரெல்லாம் சொல்லிட்டு..."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் மாமனார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்திலேயே போனது. "அப்போ கடைக்கு வந்த ஆளுங்க?"

மாப்பிள்ளை பிடுங்கிய ஒயரை விரலில் சுற்றினான்.

"அவனைத் தேடி வந்தவங்களா?"

"நிறையப் பேர், மாமா."

"என் தையலுக்குத்தான் வர்றாங்கன்னு நெனச்சேனே." அவர் முழங்காலில் உள்ளங்கையை வைத்து, மெத்தையைப் பார்ப்பது போல ஒருமுறை அமுக்கினார். "உள்ளே இருக்கறதை யாரு பிரிச்சுப் பாக்கப்போறாங்கன்னு நெனச்சே. அப்படித்தானே?"

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவனை ஒருமையில் பேசினார். அந்தத் தம்பியைச் சொன்ன அதே குரல்.

"அடுத்து நீங்க, உள்ள போகலாம்" என்றாள் வரவேற்புப் பெண்.

"வந்தது வந்தோம், பாத்துட்டே போயிடலாமே" என்றாள் மாமியார்.

"மாப்பிள்ளையைக் காட்டு" என்று சொல்லி மாமனார் எழுந்தார். "நான் மாடிப்படிக்குப் போறேன். ஃபோனை எடுத்துட்டு வா" என்றார், மாப்பிள்ளையிடம்.

படிக்கட்டுத் திருப்பத்தில் காற்று வந்தது. மாமனார் கைப்பிடியைத் தடவிப் பிடித்து நின்றார். மாப்பிள்ளை அங்கேயே நின்றபடி வெள்ளையை எல்லாம் அழித்தான். அவர் ஃபோனைக் காதருகே வைத்துக் கடைசிவரை கேட்டார். கடை எண்ணுக்குப் பிறகு மௌனம். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார்.

"சரி. இப்போ அவன் கடைக்குப் போடு."

"மாமா?"

"நம்பர் இல்லேன்னு சொல்லாதே. அவன் பேரு, விலை, முகவரி எல்லாம் உனக்கு மனப்பாடம். நான் பேச மாட்டேன். நீதான் பேசணும். நீ பண்ணினதை நீ சொல்லு. நான் கேக்கறேன்."

மணி அடித்தது. மாப்பிள்ளை ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனை நடுவில் நீட்டினான். அந்தப் பக்கம் எடுத்தார்கள். கொஞ்சம் கரகரத்த, அவசரமான குரல்.

"சின்னவர் மெத்தை, சொல்லுங்க."

காலையிலிருந்து ஃபோன் படித்த அதே வார்த்தை. ஆனால் கைப்பிடியின் மேல் மாமனாரின் விரல்கள் இறுகின.

"வணக்கம். நான்... நிம்மதி மெத்தைக் கடை மாப்பிள்ளை பேசறேன்."

அந்தப் பக்கம் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரையோ, 'இரு' என்று அடக்குவது கேட்டது. பிறகு குரல் வேறு மாதிரி வந்தது.

"அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சின்ன மாமா. நல்லா இருக்கார். நல்லாவே காது கேக்குது."

"அப்போ எதுக்குப்பா...?"

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். மாமனார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"உங்க பேரை, சின்ன மாமா..." என்று ஆரம்பித்தான். குரல் உள்ளேயே போனது.

"சத்தமா" என்றார் மாமனார்.